பகலில் சாத்திய கதவு

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று தொடங்கத்தான் ஆசை. கை ஓடவில்லை. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய் வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டேன். நம் கடைக்குட்டி செல்லம், பக்கத்து அறை ராசம்மா அத்தை வாசலில் சோழி உருட்டுகிறாள். தம்பி நம் அறையில் தூங்குகிறான்.

உலகச் சண்டை முடிந்துவிட்டது அம்மா. இருட்டடிப்புக்காக நீ ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாயிற்று. தாராவி முழுக்க வெளிச்சம். தம்பிக்கு மட்டும் எதுவும் முடியவில்லை. துறைமுகத்தில் கப்பல் வெடித்த அன்று மூட்டை தூக்கப் போனவன், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தானே, அப்போது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! கப்பலில் எரிந்த பஞ்சு மூட்டைகளின் வாடை இன்னும் அவன் மூக்கை விட்டுப் போகவில்லை. அவன் தவிக்கும்போது நீ கையைப் பிடித்து உட்கார வைப்பாய். நான் பிடித்தால் உதறுகிறான்.

போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தோல் கிட்டங்கி வேலைக்குப் போயிருந்தார். செல்லத்தைத் தம்பியிடம் விட்டு, நான் குழாயடிக்குப் போய்விட்டுக் குடத்தோடு திரும்பினால், நம் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். நம் வரிசையில் பகலில் கதவைச் சாத்தினால் யாரோ குளிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அத்தைகூட அப்படி நினைத்து, மரியாதையாகத் தள்ளிப் போய் நின்றிருக்கிறாள். குடத்தை அப்படியே கீழே போட்டேன். காலையிலேயே எல்லாரும் குளித்தாயிற்றே!

நானும் அத்தையும் இடித்த இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. தம்பி, செல்லத்தின் தலையைப் பீப்பாய்த் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். பிடுங்கி எடுத்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை. அத்தை குப்புறப் போட்டு முதுகில் தட்டத் தட்ட, தண்ணீரைக் கக்கி அழுதாள். ஓர் அழுகையைக் கேட்டு நான் கும்பிட்டது அன்றுதான்.

தம்பி ஈரக் கையோடே சொன்னான்: “அவ மேல தீப் புடிச்சிருந்துதுக்கா. நாந்தான் அணச்சேன்.”

அடிக்க ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரைக் கோபிப்பேன், நீயே சொல்லு.

அன்று ராத்திரி அப்பா வந்ததும், “ஆஸ்பத்திரியில காட்டுவோம்ப்பா” என்றேன்.

“கிறுக்கன்னு எழுதிப் போட்டுருவானுவ. பெத்த புள்ளய எங்க கொண்டு தள்ளச் சொல்லுத?” என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஹிம் தர்காவில் கயிறு மந்திரித்து வாங்கி வந்து கட்டினார். மறுநாளே தம்பி அதை அறுத்துவிட்டான்.

“ரெண்டு பேரையும் பிரிச்சிராத தாயி” என்று கடைசியாகக் கேட்டாயே, சரி என்றேனே. பிரித்துவிட்டேன் அம்மா. செல்லத்தின் பாயும் பாவாடையும் இப்போது அத்தை வீட்டில். தாழ்ப்பாளை மறுபடி அடிக்க விடவில்லை. நான் குளிக்கும்போது அத்தை வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொள்கிறாள்.

நேற்று தம்பி வாசற்படியில் நின்று தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவ மேல இன்னும் தீ இருக்காக்கா?”

“இல்லலே, அணஞ்சிட்டு.”

“அப்பம் ஏன் நம்ம வீட்டுக்கு வர மாட்டேங்கா?”



எனக்குப் பின்னால் தம்பி பாய் சுருட்டுகிற சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டான். திங்கட்கிழமை, அப்பா வந்தாலும் வராவிட்டாலும், அவனை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். அவனை ஒருநாளும் கைவிட மாட்டேன். ஆனால் அம்மா, நீயே எழுந்து வந்து கேட்டாலும், அவர்கள் இரண்டு பேரையும் ஓர் அறையில் தனியாக விட மாட்டேன்.

இருவருக்கும் நடுவில் நிற்கிற
உன் மூத்த மகள்
வடிவு