பின்னறைக்குப் போட்ட பூட்டு

இயேசு மரி சூசை துணை

தார்நாகா,
12 மார்ச் 2006

அன்பு மகன் ஜேம்ஸுக்கு அம்மா எழுதுவது,

மாதா புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் ரெஜினாவும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, சாயங்காலம் ஸ்டிரீட் நம்பர் எட்டு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். சுகச் செய்தி அவ்வளவுதான். கொஞ்ச நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் எடுத்த கையோடு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேனே, ஏன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? அடுப்பில் வேலை என்று நினைத்திருப்பாய். வேலை இல்லை, கோபம். போனில் கத்தினால் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும், நீயும் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசி வரைக்கும் படி, நடுவில் மடித்து வைக்காதே.

நீ ஒன்று முதல் ஐந்து வரை படித்த, நான் இன்னும் பாடம் சொல்லித்தரும் அதே பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதே ஓட்டு வீடு, அதே ஐந்து வகுப்பு. நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். வெள்ளிக்கிழமை பின்னறையில் பிள்ளைகள் மாவு பிசைவார்கள், சப்பாத்தி திரட்டுவார்கள், அதைப் பாதியாக, காலாக வெட்டித் தின்றுகொண்டே பின்னக் கணக்குப் படிப்பார்கள். சனிக்கிழமை கடை. பழைய பேப்பரில் பை ஒட்டி, தராசில் தக்காளியும் வெங்காயமும் நிறுத்து, ஒரு வகுப்பு விற்கும், மற்ற வகுப்புகள் வாங்கும். கொல்லையில் பாலகூரக் கீரைப் பாத்தி, முறை வைத்துத் தண்ணீர். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும், குப்பை போட்ட இடத்தை அவரவர் பெருக்க வேண்டும், பையன் பெண் என்ற பேச்சே கிடையாது. போன மாதம் ரெஜினா ஒரு படம் அனுப்பினாளே, பிள்ளைக்கு வாங்கிய தொட்டிலை நீ ஒருவனே திருகாணி முடுக்கிப் பூட்டிவிட்டாய் என்று பெருமையாக எழுதியிருந்தாளே, அந்தத் திருப்புளியை உன் கையில் முதலில் யார் கொடுத்தது? மூன்றாம் வகுப்பில் உடைந்த பெஞ்சை நீயும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து பூட்டினீர்களே, அந்தப் பின்னறையில்தான்.

நந்தகுமாரின் பெண் சுபாஸ்ரீயை எங்களிடம் சேர்க்கச் சொன்னது நீதான். நீ வெளிநாடு போகுமுன் ஹைடெக் சிட்டியில் உன்னோடு வேலை பார்த்தவர், ஈரோட்டுக்காரர், மனைவி கல்பகத்துக்கு இங்கே அரசாங்க ஆராய்ச்சி லேபில் வேலை, வீடும் லேப் குவார்ட்டர்ஸில் என்று நீயே போன் செய்து சொன்னாய். போன ஜூனில் என் இரண்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அந்தக் குழந்தை வாயே திறக்காது. வீட்டில் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்லுமாம், இங்கே எந்தப் பாஷையிலும் பதில் இல்லை. கணக்கு என்று சொன்னால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இழுக்கவில்லை, திட்டவில்லை. ஒரு சனிக்கிழமை தராசை அது பக்கத்தில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். தக்காளியைப் போடும், எடுக்கும், சின்னதாக இன்னொன்றைத் தேடிப் போடும், முள் நேராக நிற்கும் வரைக்கும் விடாது. தீபாவளிக்குள் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, "ரண்டி ரண்டி, தாஜா டமாட்டர்" என்று, வாங்க வாங்க புதுத் தக்காளி என்பதைத் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து கூவ ஆரம்பித்தது. முதல் வகுப்பு டீச்சர் சபீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே வாங்க வருவாள். கால் கிலோவும் அரைக் கிலோவும் சேர்ந்தால் முக்கால் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதுவே சொன்னது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நந்தகுமார் பெண்ணை அழைத்துப்போக முன்னாலேயே வந்துவிட்டார். கடை முடிந்து சுபாஸ்ரீ வெங்காயத்தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வரவில்லை, வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்தார். அடுத்த வாரமே பெற்றோர் கூட்டம். கல்பகம் ஊரில் இல்லை, லேப் வேலையாக மைசூர் போயிருந்தாள். அந்தப் படத்தை எல்லாரிடமும் காட்டி, "ஏனுங்க டீச்சர், எம் புள்ளைய நான் இங்க அனுப்பறது வெளக்கமாறு புடிக்கறதுக்குங்களா? மத்த ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ்லயே கம்ப்யூட்டர் குடுத்தாச்சு" என்று கேட்டார். அதற்கு நான் பதில் வைத்திருந்தேன், நிதானமாகவே சொல்ல ஆரம்பித்தேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைப் போட்டார். "நான் சொல்லலீங்க, இவங்க பையன் ஜேம்ஸே சொன்னாருங்க. அஞ்சாவது வரைக்கும் சப்பாத்தி உருட்டறதும் பட்டன் தைக்கறதுமே போச்சு, பெரிய ஸ்கூலுக்குப் போனப்ப ஒண்ணுமே தெரியாம நின்னேன்னு என்கிட்டயே சொன்னாருங்க."

ஜேம்ஸ், அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யார் என்ன சொன்னாலும் எனக்குப் பதில் உண்டு, பெற்ற பிள்ளை சொன்னான் என்றால் நான் என்ன சொல்வேன்? சபீனா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நக்கோ, வேணாம் டீச்சரம்மா, இப்ப ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். நீ பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றும் தெரியாமல் நின்றாயா? ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வருடமே கணக்கில் பரிசு வாங்கினது யார்? அந்தக் கோப்பை இன்னும் உன் அப்பாவின் பேனாக்களைச் சுமந்துகொண்டு டி.வி. மேல்தான் இருக்கிறது.

கரெஸ்பாண்டென்ட் நாராயணஸ்வாமி ஸார் நல்லவர்தான், ஆனால் பயந்தவர். "மேரி, காலம் மாறிப்போச்சும்மா, கேக்கறதக் குடுக்கலன்னா எல்லாரும் டெக்னோ ஸ்கூலுக்குப் போயிடுவா" என்றார். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பின்னறைக்குப் பூட்டு. தராசு, அடுப்பு, சுத்தியல், ஊசி நூல் டப்பா எல்லாம் உள்ளே. அந்த வாரக் கடைசிக்குள் பாலகூரப் பாத்தியைக் கொத்திப்போட்டு, வேன் நிறுத்துவதற்கு சிமெண்ட் பூசிவிட்டார்கள். கீரை பறிக்கும் பருவத்தில் இருந்தது, பறிக்கக்கூட விடவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், நானும் அவர்கள் பின்னால் நின்று பார்த்தேன். எல்லாருக்கும் பளபளவென்று பயிற்சிப் புத்தகம் வந்தது. அதில் தராசுப் படம் இருக்கிறது, பக்கத்தில் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சுபாஸ்ரீ திரும்பவும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. முதலில் நான் கணக்குக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். கல்பகம் மைசூரிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் குழந்தை பள்ளிக்கூடம் என்றாலே நக்கோ நக்கோ என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுகிறதாம். அவள் லேபுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். இடைவேளையில் ஒரு குழந்தைகூட சுபாஸ்ரீயோடு விளையாடவில்லை என்பதைப் பார்த்தாள். தரையில் குனிந்து பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டு என்ன கண்ணு என்று கேட்டாள். அது ஹிந்தியில் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. நான் பெருக்கினது தப்பு, டாடி அதைப் படம் எடுத்தார், அதனால்தான் கடையை மூடிவிட்டார்கள், என்னால்தான் மூடினார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தை, ஜேம்ஸ். தன் கையால் ஒரு வேலை செய்ததற்காக இத்தனை நாளும் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. கல்பகம் வெளியே போய்ப் போனில் புருஷனைக் கூப்பிட்டாள், எந்த மீட்டிங்கில் இருந்தாலும் இப்போதே கிளம்பி வரணும் என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அவர் வந்தார். வகுப்பு வாசலில் நின்று பெண்ணைப் பார்த்தார். பிறகு கேட் பக்கம் நின்ற என்னிடம் வந்து, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டனுங்க டீச்சர்" என்றார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை, எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. அவரும் போகவில்லை. "இன்னொண்ணு சொல்லோணுங்க. மனசுல வெச்சிருந்தா எனக்கே ஆகாது. அம்மா அந்த ஸ்கூல விட்டாத்தான் எங்ககூட வந்து இருப்பாங்க, உங்கள மாதிரி நாலு பேரண்ட்ஸ் சேர்ந்து கொஞ்சம் அழுத்துனா அவங்களே விட்டுருவாங்கன்னு ஜேம்ஸ் சொன்னாருங்க. உங்களுக்கும் அது நல்லதுன்னு நெனச்சுத்தான் நானும் கொஞ்சம் கூடுதலாப் பேசிப்புட்டேன்" என்றார்.

ஜேம்ஸ், கிறிஸ்துமஸிலிருந்து வேலையை விடு, வேலையை விடு என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய், நான் மாட்டேன் என்று உன்னிடம் நேராகத்தான் சொன்னேன். என்னிடம் ஜெயிக்க முடியாமல் என் முதுகுக்குப் பின்னால் ஆள் வைத்தாயா? என்னை அசைக்க நீ தள்ளினது யார் மேல் விழுந்தது என்று பார். நீ முகம்கூடப் பார்க்காத ஒரு குழந்தை மேல்.

நான் நேரே நாராயணஸ்வாமி ஸார் அறைக்குப் போனேன். சாவியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இன்றைக்கே நான் கிளம்புகிறேன் என்றேன். சபீனா என் பின்னாலேயே வந்து நின்று, "நானும்தான் ஸார்" என்றாள். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், மாமியார் படுக்கையில், இந்தச் சம்பளம்தான் ஆதாரம், அவளை நான் வரச் சொல்லவே இல்லை. நந்தகுமாரும் கல்பகமும் உள்ளே வந்து, பின்னறையைத் திறக்க எங்களுக்குச் சம்மதம், மற்ற பெற்றோரிடம் நாங்களே பேசுகிறோம் என்றார்கள். ஸார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேசை டிராயரைத் திறந்தார். அதற்காக எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்காதே. பாத்தி போனது போனதுதான், சிமெண்டை யார் பெயர்ப்பார்கள். அடுப்புக்கு இன்னும் அனுமதி இல்லை, மாவு பிசைந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டார்கள். ஆனால் நேற்று சனிக்கிழமை கடை போட்டோம். சுபாஸ்ரீ முதலில் தராசுப் பக்கமே வரவில்லை, கல்பகத்தின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. நந்தகுமார் வரிசையில் நின்று, அரைக் கிலோ தக்காளி கேட்டார், வேறு பிள்ளை நிறுக்க வந்தபோது வேண்டாம், நான் அந்த அக்காவிடம்தான் வாங்குவேன் என்று அங்கேயே நின்றார். வெகு நேரம் நின்றார். கடைசியில் அது வந்து நிறுத்துக் கொடுத்தது. எல்லாம் முடிந்து அவர் குனிந்து துடைப்பத்தை எடுத்தால், அது ஓடி வந்து பிடுங்கிக்கொண்டு, "நக்கோ டாடி, இன்னைக்கு என் டர்ன்" என்றது. தமிழில் சொன்னது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இனி உனக்கு வருகிறேன். எனக்கு ஒரு பதில் வேண்டும். பின்னறையால் நீ கெட்டுப்போனாய் என்று நிஜமாகவே நினைத்துச் சொன்னாயா, அல்லது என்னை அங்கே வரவழைக்கப் பொய் சொன்னாயா? நிஜமாக நினைத்திருந்தால் என் முகத்துக்கு நேரே சொல், நான் தாங்குவேன், உன்னோடு வாதாடுவேன். பொய் என்றால் அது இதைவிட மோசம், அதற்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டால் போதாது, நாராயணஸ்வாமி ஸாருக்கும் அந்தப் பெற்றோர்களுக்கும் உன் கையால் எழுத வேண்டும். இரண்டில் எது என்று கடிதத்தில் எழுது. அப்பா இதைப் படித்துவிட்டு, "தூரத்துல இருக்கற புள்ள, இவ்வளவு காரமா எழுதணுமா மேரி" என்கிறார். தூரத்தில் இருந்துகொண்டே இவ்வளவு செய்தவனுக்கு இது காரம் இல்லை.

ரெஜினாவை நான் விட்டுவிடமாட்டேன், அவள் என்ன செய்தாள். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்பி வருகிறேன், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன், பத்தியச் சமையல் செய்வேன், குளிப்பாட்டுவேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் என் வகுப்பில் இருப்பேன். போக மட்டும் டிக்கெட் எடுத்து அனுப்பினால் அதை அப்படியே உனக்குத் திருப்பி அனுப்புவேன். அங்கே வந்தபின் தேதியைத் தள்ளிப்போடலாம் என்று கணக்குப் போடாதே.

ரெஜினா இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும், குனிந்து பாரம் தூக்க விடாதே, துணி துவைப்பது பாத்திரம் கழுவுவது எல்லாம் நீ செய், உனக்குச் செய்யத் தெரியும். தபால் வர நாளாகும் என்று சாக்குச் சொல்லாமல் உடனே பதில் எழுது. வேளாங்கண்ணி மாதா உங்கள் மூன்று பேரையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். கோபம் ஆறவில்லை, ஆசீர்வாதத்தில் குறை வைக்கவும் இல்லை.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி,
இரண்டாம் வகுப்பு ஆசிரியை