அண்ணனுக்குத் தீட்டு இல்லையாம்

எங்களுக்குப் பாக்கியமாகவும் கம்போங் ராஜா ஊர்க்காரர்களுக்குப் பாத்திமாவாகவும் இருந்த என் அன்பு அக்காவுக்கு,

திடீர்க் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்த மறு வாரமே எஸ்டேட் கோயிலில் திருவிழா. கோயில் தலைவரான நம் அண்ணன் மாலையும் தலைப்பாகையுமாக முன்னால் நின்றார். கூடப்பிறந்தவள் செத்த தீட்டோடு வரலாமா என்று பூசாரி தயங்கிக் கேட்டிருக்கிறார். "அது நம்ம ரத்தமே இல்ல லா" என்றாராம் இந்த மகான்.

அவருக்கு ரத்தம் ஊறாமல் போனதே, நினைவிருக்கிறதா? கூடப்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைப்பார் என்றார் கோலாலம்பூர் டாக்டர். அப்போதுதான் இந்த நாட்டுக்கு வந்திருந்த வைத்தியம். என்னுடையது பொருந்தவில்லை. முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாய் என்று, உயிரோடு இருக்கும்போதே இவர் தலைமுழுகிய உன்னுடையதுதான் அச்சாகப் பொருந்தியது.

கூப்பிட்டதும் கிளம்பி வந்தாய். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி எடுத்தார்கள். கங்காணி பரம்பரையில் வந்த நம் அண்ணன் டாக்டரிடம் என்ன கேட்டார் தெரியுமா? "அதக் கழுவிட்டு ஏத்த முடியுமா டாக்டர்?"

டாக்டர் சிரித்தேவிட்டார். மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தின் விதை, யார் உடம்பில் விதைத்தாலும் அது கொடுத்தவரின் ரத்தத்தைத்தான் ஊறவைக்கும் என்றார். அப்படியே ஆனது. பி வகையாக இருந்தவர் உன்னைப் போல ஓ ஆனார். வீடு திரும்பியதும் மஞ்சள் தண்ணீரில் குளித்துத் தீட்டுக் கழித்துக்கொண்டார். தோலைக் கழுவிக்கொண்டார், பாவம்.

நேற்று கோயில் வாசலில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். "அண்ணே, எனக்குக்கூட தீட்டு இல்லாம இருக்கலாம். ஒங்களுக்கு எப்படி இல்லாம போகும்? ஒங்க ஒடம்புல ஓடுறது முழுக்க அக்கா ரத்தம்."

மாலையைக் கழற்றினாரா? வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பொங்கல் ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டார். இந்த ஆளுக்கா அக்கா நீ அவ்வளவு வலியைத் தாங்கினாய்?

நாசமாய்ப் போகட்டும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். உன்னை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. உன்னுடையது என்று இன்னும் சூடாக இருப்பது அந்த அற்ப மனிதருக்குள் ஓடுவது மட்டும்தான்.

அதனால் சத்தியம் செய்கிறேன். அவர் முகத்தில் இனி விழிக்க மாட்டேன். ஆனால் வேளாவேளைக்கு மாத்திரை உள்ளே போகிறதா என்று அண்ணியிடம் தினமும் விசாரிப்பேன். அவர் நூறு வயது இருக்கட்டும்.

மஜ்ஜை பொருந்தாமல் போனாலும், என்றும் உன் கூடப்பிறந்தவளான
தங்கை செல்வி