ஜெனிபர் போட்ட விதி

ஐப்பசி, ஞாயிறு இரவு.

மழையில் வெளியே போக முடியவில்லை. திருவாரூரில் ஜெனிபர் அறையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடினோம். ஆட்டத்தை நடத்துபவள் அவள். நான் போர்வீரன். எனக்கு மந்திரமும் வேண்டும் என்றேன். மந்திரவாதியாக ஆடும் ரமேஷ் சிரித்தான்.

"மந்திரம்லாம் ரத்தத்துலயே வரணும்டா."

பிறப்பைச் சொல்லி ஒதுக்கும் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த தெரு எங்களுடையது. எழுந்து போய்விட நினைத்தேன்.

"ரத்தத்துல வர்றது சர்க்கரை மட்டுந்தான் ரமேஷ்" என்றாள் ஜெனிபர். அங்கேயே விதி போட்டாள். ஒரு பாத்திரத்துக்கு இரண்டாவது தொழில் வேண்டுமானால், அதை ஆடுபவரிடம்தான் கற்க வேண்டும். தன் தொழிலைச் சொல்லித்தர மறுப்பவர் வேறு எதையும் கற்க முடியாது.

ரமேஷ் அப்போதும் மறுத்தான். ஆட்டத்தின் அடுத்த சண்டையில் மந்திரமெல்லாம் தீர்ந்து, பூதத்தின் முன்னால் வெறுங்கையோடு நின்றான்.

"மச்சி, வாள் பிடிக்கக் கத்துக்குடுடா. மந்திரம் நான் சொல்லித்தர்றேன்."

மாட்டேன் என்று சொல்ல வாய் துடித்தது. ஜெனிபர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதி எனக்கும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. என்ன மூளை அவளுக்கு!

"சரி, பிடி" என்றேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் இரண்டு பேரையும் ஒன்றுபோலக் கட்டுகிற விதியை இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.