பாடை வண்டியில் மொரப்பூருக்கு

சேசு மரி சூசை துணை

1944 பிப்ரவரி 12, சனிக்கிழமை

பூனா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்க்கும் என் மகள் சகாயமேரிக்கு, உன் அப்பன் சவுரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவித்த கடிதம். சர்வேசுரன் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறு நேரத்துக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. அதேபோல உனக்கும் அங்கே பசியும் தூக்கமும் குறைவில்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் ஒரு பத்து மணி செபமாலை கூடுதலாகச் சொல்கிறேன். எழுதுவது நம்ம வாத்தியார் சம்சாரம் தீர்த்தம்மாள்தான், உன்னோடு மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவள், நான் சொல்லாத ஒரு எழுத்தையும் சேர்க்கக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை அவள் ஒரே ஒரு தடவை படித்தாள், எனக்கு அது போதும். மூன்றாம் பக்கத்தில் நீ, ‘அப்பா, இடுப்பு ஒடிஞ்சதையே ரெண்டு மாசம் எங்கிட்ட மறைச்சவரு நீங்க, நல்லா இருக்கேன்னு நீங்க சொல்றதை இனி நான் நம்பமாட்டேன், மார்ச்சு ஒண்ணாந் தேதி வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடறேன்’ என்று எழுதியிருக்கிறாய். மறைத்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக நீ வேலையை விட்டுவிட்டு வந்து எனக்குத் தண்ணி மொண்டு ஊற்றவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம். உன் ஆத்தா உயிர் போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் படிக்கவைத்து வேலையில் நிறுத்து என்றாள். நிறுத்தியாயிற்று. இப்போது என் இடுப்பைக் காரணம் காட்டி அதை இறக்கி வைக்க நான் விடமாட்டேன். அதனால் முதலிலிருந்து முடிவுவரை பொறுமையாகப் படி, நடுவில் அழாதே.

நம்ம கோயிலில் இருந்த வெள்ளைக்காரப் பெரிய சாமியார் ஏழெட்டு வருஷம் முந்தி, தாது வருஷம் ஆடி மாதத்தில் கப்பலில் ஒரு வண்டி வரவழைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா. மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து அந்தப் பெட்டியை என் மாட்டு வண்டியில்தான் ஏற்றி வந்தேன், அன்று வெள்ளிக்கிழமை, இடது மாடு வழியில் லாடம் கழற்றிப் போட்டது. பெட்டியைத் திறந்து பூட்டினால் சைக்கிள் மாதிரி இருக்கிறது, ஆனால் சைக்கிள் இல்லை. பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னச் சக்கரம், நடுவில் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு இருக்கை. அதில் சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கவேண்டும். கைப்பிடி நெஞ்சுக்கு நேரே கிடையாது, இருக்கைக்கு அடியில் இடுப்பின் இரண்டு பக்கமும் வருகிறது. சாமியாருக்கு முதுகுவலி, அதனால் அதில் போனார். இரண்டு வருஷம் முந்தி அவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது, சவுரியப்பா இதை நீ வைத்துக்கொள் என்று சொன்னார். நான் மாட்டுக் கொட்டகையில் சாத்திவைத்துக் கோணி போட்டு மூடியதோடு சரி. அப்புறம்தான் என் மாட்டு வண்டி குடைசாய்ந்ததும், கட்டு வைத்தியர் கட்டியும் எலும்பு கோணலாகச் சேர்ந்ததும், மாடுகளை விலைக்குக் கொடுத்ததும். தடி ஊன்றி நடந்தால் கோயில் வாசல்வரைதான், அதற்கு மேல் வலது இடுப்பு நெருப்பாக எரிகிறது. சாதாரண சைக்கிளில் காலைத் தூக்கிப் போடவே முடியாது. கார்த்திகை மாதம் ஒருநாள் உட்கார வேறு இடம் இல்லாமல் கொட்டகையில் அந்த இருக்கையில் சாய்ந்தேன். இடுப்பு வலிக்கவில்லை கண்ணு. ஒன்றரை வருஷத்தில் உட்கார்ந்தும் வலிக்காதது அன்றுதான்.

சைக்கிள் பழகிய வாத்தியார், நான் ஓட்டிக் காட்டுகிறேன் மாமா என்று ஏறினார், மூன்று தடவை விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார் (இதை எழுதத் தீர்த்தம்மாளுக்கு மனசில்லை, எழுது என்று சொன்னேன்). அவர் கை நெஞ்சுக்கு முன்னால் கைப்பிடியைத் தேடுகிறது. எனக்கு முப்பத்தெட்டு வருஷம் மாடு ஓட்டிய கை, அது இடுப்போரம்தான் இருக்கும். வலது கயிற்றை இழுத்தால் மாடு வலது பக்கம் போகும், இதுவும் அப்படித்தான், வலது பிடியை இழுத்தால் வலது பக்கம். ஏரிக்கரைச் சரிவில் நாலே நாளில் நேராக ஓடப் பழகிவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வந்து முட்டியது நிறுத்துகிற இடத்தில்தான். மார்கழியில் நஞ்சப்பன் களத்துக்கு மேலே இருக்கிற சரிவில் வண்டி வேகமெடுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, இரண்டு பிடியையும் ஒன்றாகப் பின்னால் இழுத்து ஹோ ஹோ என்று கத்தினேன். பிரேக் விரல் நுனியில் இருக்கிறது, அதை அழுத்தவேண்டும் என்று ஒருதரம்கூட நினைப்பு வரவில்லை. நேராகப் போய் நஞ்சப்பன் குவித்து வைத்திருந்த ராகித் தாளுக்குள் நுழைந்து நின்றேன், வெளியே என் இரண்டு பாதம்தான் தெரிந்ததாம். அவன் வந்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, ‘யோவ் சவுரியப்பா, மாடுன்னா ஹோன்னதும் நிக்கும், இந்த இரும்புக்குக் காது எங்கய்யா இருக்குது’ என்று கேட்டான். களத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

அன்று சாயங்காலமே கொல்லன் மாதுவிடம் போனேன். பத்து நாள் பழகினால் விரல் அழுத்தப் பழகிவிடும் என்றார் வாத்தியார். முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம் பத்து நாளில் போகுமா. பயம் வந்தால் என் கை இழுக்கத்தான் செய்யும், அதனால் இழுத்தால் நிற்கிற மாதிரி வண்டியைத்தான் மாற்றவேண்டும் என்று மாதுவிடம் சொன்னேன். அவன் பிரேக் கம்பியின் நுனியை என் பழைய மாட்டுத் தலைக்கயிற்றுத் துண்டில் முடிந்து, அதை இடது கைப்பிடியோரம் ஒரு வளையமாக விட்டான். இப்போது கயிற்றைப் பின்னால் இழுத்தால் சக்கரம் பிடிக்கிறது. ஹோ என்றும் சொல்லிக்கொள்கிறேன், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. வலது பாதம் மிதியிலிருந்து நழுவுகிறது என்று அதை மட்டும் துணிப்பட்டையால் கட்டிக்கொள்கிறேன், நிற்கும்போது இடது பக்கம் சாய்ந்து இடது காலை ஊன்றவேண்டும். இதை மறந்து ஒருதரம் வலது பக்கம் சாய்ந்தேன், சந்தையில் முட்டைக்கூடைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தேன், கூடைக்காரி என்னைத் தூக்குவதற்கு முன்னால் கூடையைத் தூக்கினாள்.

வண்டியைப் பராமரிக்கிறதிலும் முதலில் மாட்டு வண்டிப் புத்திதான் போயிற்று. செயின் நீளம் அதிகம், சாதாரணச் செயின் இரண்டரை சேர்ந்த நீளம், முன்னாலிருந்து பின்சக்கரம்வரை ஓடுகிறது. அச்சுக்குப் போடுகிற மாதிரி விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மையாக்கிச் செயின் முழுக்கத் தடவிவிட்டேன். நம்ம ஊர்ச் செம்மண் அதில் அப்பி, மூன்றாம் நாள் செயின் புட்டுக்குழல் மாதிரி அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது, விளக்குக்கு வைத்திருந்ததில் ஒரு கிண்ணம் எடுத்துக் கழுவினேன், மூன்று ராத்திரி இருட்டில் சாப்பிட்டேன். இப்போது தையல்காரரிடம் மெஷின் எண்ணெய் வாங்கி, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதையெல்லாம் துணியால் துடைத்துவிடுகிறேன். உள்ளே ஈரம் இருக்கவேண்டும், வெளியே காய்ந்திருக்கவேண்டும், அதுதான் சூட்சுமம். முன்சக்கரத்து டயர் எங்கேயும் கிடைக்காது, வெடித்த இடத்தில் உள்பக்கமாகத் தோல் வைத்துத் தைத்திருக்கிறேன். இருக்கைத் துணி கிழிந்ததற்குக் கட்டில் கயிறு பின்னியாயிற்று.

ஊரில் இதற்குப் பாடை வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். நஞ்சப்பன்தான் வைத்தான், மல்லாந்து போகிறேனாம். சந்தை நடுவில், ‘பாருங்கடா, சவுரியப்பன் உசுரோட பாடையில போறான்’ என்று கூவினான். நான் நிறுத்தி, ‘பாடைன்னா நாலு பேரு தூக்கணும்டா, இது நானே மிதிக்கிறேன்’ என்று சொன்னேன். அதற்கப்புறம் அவனே வந்து கேலி இல்லாமல் ஒரு யோசனை சொன்னான், நீ தாழ்வாகப் போவதால் வண்டிக்காரர்களுக்குக் கண்ணில் படமாட்டாய் என்று. நியாயம்தான். பின்னால் ஒரு மூங்கில் குச்சி நட்டு, உன் ஆத்தாளின் சிவப்புச் சேலையில் ஒரு சாண் கிழித்துக் கட்டியிருக்கிறேன். நாய்களுக்குத்தான் என் முகம் நேருக்கு நேர் வருகிறது, இரண்டு குரைத்துப் பார்த்துவிட்டு இப்போது அவையும் பழகிவிட்டன. வாரம் இரண்டு தடவை கம்பைநல்லூர் போய் உப்பு புளி வாங்கி வருகிறேன், ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே போய்விடுகிறேன், யாரையும் கூப்பிடுவதில்லை.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேள். இதெல்லாம் வாயால் சொல்வது, நீ நம்பமாட்டாய். சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் லீவுக்கு நீ வந்தால் இறங்குவது மொரப்பூரில், இங்கிருந்து எட்டு மைல். அதுவரை ஓட்டிப் போகமுடியும் என்றால் என் காலில் எனக்குக் குறை இல்லை என்று நீயும் ஒத்துக்கொள்ளவேண்டும். மறைக்காமல் சொல்கிறேன், தை மாதத்தில் மூன்று தடவை கிளம்பி மூன்று தடவையும் பாலத்து மேட்டில் தோற்றுத் திரும்பினேன். மல்லாந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து நின்று மிதிக்க முடியாது, வலது கால் பாதி மேட்டில் சோர்ந்துவிடுகிறது. போன புதன்கிழமைதான் என் மண்டையில் உறைத்தது. பாரம் ஏற்றிய வண்டியை எந்த வண்டிக்காரனாவது மேட்டில் நேராக ஏற்றுவானா. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று வளைத்து வளைத்துத்தானே ஏற்றுவோம். அதேபோல ஏரிக்கரை மேட்டில் நேற்று ஏற்றிப் பார்த்தேன், ஏறியது. பாலத்து மேடு அதைவிட இரண்டு பங்கு நீளம். ஏறும்.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலையில் நானே எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறேன். உறையை ஒட்டமாட்டேன், கைநாட்டும் இங்கே வைக்கமாட்டேன், அதற்குத் தீர்த்தம்மாள் கீழே இடம் விட்டிருக்கிறாள். மேட்டில் தோற்றால் திரும்பிவந்து கம்பைநல்லூரில் போட்டுவிடுவேன். உறை மேல் கம்பைநல்லூர் முத்திரை இருந்தால் நீ வேலையை விட்டுவிட்டு வா, நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன், நீ சொன்ன மூலையில் உட்காருகிறேன். மொரப்பூர் முத்திரை இருந்தால் நீ எழுதி வைத்திருக்கிற ராஜினாமாவைக் கிழித்து அடுப்பில் போடு. வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினேன் என்று சந்தேகம் வரும், அதற்காக ஸ்டேஷனில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கேட்டு இரண்டு வரி சாட்சி எழுதி வாங்குவேன்.

குளிர்காலத் தண்ணியில் கை வைத்து வைத்து விரல் வெடித்திருக்கும், படுக்கும்போது விளக்கெண்ணெய் தடவிக்கொள், செயினுக்குத்தான் அது ஆகாது. உன் கையால் மருந்து குடிக்கிற பட்டாளத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் ஆத்தா வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேரட்டும். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பாஸ்குவுக்கு வரும்போது ஒரு வால்வு டியூப்பும் பம்புக்குத் தோல் வாசரும் வாங்கிவர மறக்காதே, பெட்டியைச் சின்னதாகக் கொண்டுவா, என் வண்டியின் பின்னால் கட்டவேண்டும்.

இப்படிக்கு உன் அப்பன்,
சவுரியப்பன், இடது பெருவிரல் ரேகை

மொரப்பூர் ஸ்டேஷன், 14-2-44. மகள் அம்மாளுக்குப் பார்சல் குமாஸ்தா கோவிந்தன் எழுதுவது. தங்கள் தகப்பனார் இன்று பகல் பதினொன்றரைக்கு ஒரு விநோத வண்டியில் சிவப்புக் கொடியோடு தனியாக வந்து சேர்ந்தார், நான் கண்ணால் பார்த்தேன். மை டப்பாவை நீட்டினேன், வேண்டாம் என்று செயினைத் தொட்டு மேலே கைநாட்டு வைத்தார். அவர் முன்பாகவே உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன். களைத்திருக்கிறாரே, போகும்போது வண்டியோடு ஏதாவது பாரவண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்றதற்கு, ‘இம்புட்டுப் பாடுபட்டு ஏறுன மேட்டுல திரும்பிப் போறப்ப சும்மா எறங்கலாமுங்க, அதைப் போயி உடுவனா’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துக் கிளம்பிவிட்டார்.