கத்தாத கார்

யூன் 3, 2025
புதுக் கார் வந்து ஒரு கிழமை. ஏசி நல்லது, எஞ்சின் சத்தமே இல்லை, மனைவி ரஜனியின் முழங்காலுக்கும் ஏறி இறங்கச் சுகம். எல்லாம் சரி. ஆனால் இதற்கு வாய் அதிகம். ரோட்டில் போட்ட கோட்டில் லேசாக முட்டினால் கீ கீ என்கிறது. பக்கத்தில் ஓட்டோ வந்தால் பக்கக் கண்ணாடியில் மஞ்சள் லைட். இத்தனை வருடம் மொரிஸ் மைனர் ஓடிய எனக்கு, இது கார் ஓடப் பழக்குகிறதாம்!

யூன் 5
மரைன் டிரைவில் வழி முழுக்கக் கத்தியது. இறங்கியதும் தலையிடி.

யூன் 11
கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் ஜவாத்தின் கராஜில் விட்டேன். மொரிஸையும் அவர்தான் பார்க்கிறவர். ஓடிப் பார்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.
"சேர், கார்ல ஒரு பிழையும் இல்ல. நான் ஓடக்குள்ள ஒருக்காக்கூடக் கத்தல்ல."
பிறகு, கண் செக் பண்ணினீங்களா என்று கேட்டார். எனக்கு வந்த கோபம்! பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் வாசிக்கிறேனே.

யூன் 12
இனி மொரிஸ்தான். ஸ்டியரிங் கனம், கியர் மாற்றினால் தோள் வலிக்கும், வியர்த்து ஒழுகும். இருந்தாலும் மனிசனை மதிக்கிற கார்.

யூன் 15
ரஜனியோடு மொரிஸில் மரைன் டிரைவால் வந்தேன். திடீரென்று அவள் பாய்ந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினாள். இடப்பக்கம், சைக்கிளில் லொத்தர் சீட்டு விற்கிற மனிசன் விழுந்து கிடந்தான். முழங்கையில் உரசல் — கடவுளே, அவ்வளவுதான். நான் அவனைக் காணவே இல்லை. பட்டப்பகல். எங்கிருந்து வந்தான்? வரவில்லையாம், எங்களுக்கு முன்னால் இடது ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தானாம்.
வீட்டுக்கு வந்தும் ரஜனி காரை விட்டு இறங்கவில்லை.
"இந்தக் காருக்கு வாய் இல்லை. ஒரு வருசமா நான்தான் அதுக்கும் சேர்த்துக் கத்துறன். நீங்கள் எண்டால் நான் நச்சரிக்கிறன் எண்டு நினைக்கிறியள்."
ஓம். அப்படித்தான் நினைத்தேன்.

யூன் 16
சாப்பிட மனமில்லை. மொரிஸ் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நான் ஒழுங்காக ஓடுகிறேன் — இப்படித்தான் இருந்திருக்கிறேன். இன்னும் எத்தனை பேர் அருந்தப்பில் தப்பியிருப்பார்கள்? அவர்களையும் நான் காணவில்லைத்தானே.

யூன் 19
கண் டொக்டரிடம் போனோம். குளுக்கோமா. நேரே தெரிவது மிச்சம் இருக்கிறது. ஓரங்கள் இரண்டு கண்ணிலும் போய்விட்டன. போனது திரும்பாதாம், இருப்பதைக் காப்பாற்றத் துளி மருந்து. கார் ஓடலாமா என்று கேட்டேன். அவர் ரஜனியைப் பார்த்தார்.

செப்ரெம்பர் 21
ரஜனிக்கு லைசென்ஸ் கிடைத்து முதல் ஞாயிறு. புதுக் காரில் இடப்பக்கத்தால் ஏறி இருந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மெதுவாகத்தான் ஓடினாள், பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. ஹம்டன் லேனுக்குள் திரும்பும்போது, "பாத்து" என்றேன்.
"பாத்திட்டன்" என்றாள்.
என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.