ஏழாம் மேசையில் வைத்த பாட்டில்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. இந்த போன் நான் வேலை செய்யும் சாயத் தொழிற்சாலை கொடுத்தது. யார் காது வைத்திருக்கிறார்களோ தெரியாது.

ரொட்டிக்கடை வேன்காரரிடம் கொடுத்தனுப்பிய பாட்டில் வந்து சேர்ந்ததா? எங்கள் பின்பக்கக் குழாயிலிருந்து ஆற்றில் விழும் தண்ணீர் அது. எங்கள் லேபில் நானே சோதித்துப் பார்த்தேன், சாயக் கழிவு அப்படியே இருக்கிறது. கீழே இருக்கிற பள்ளிக்கூடத் தொட்டிக்கு ஏற்றுவது இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் விதிப்படி இடம், நாள், நேரம் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெயர் எழுதவில்லை. அனுப்பியது உன் தம்பி என்று யாரிடமும் மூச்சு விடாதே. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

வாசலில் யாராவது செருமினாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

பாட்டில் பத்திரமாக வந்தது. பல்லிக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவனா இதைச் செய்தான் என்று பெருமையாக இருக்கிறது. மூன்று மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு பாட்டில் அனுப்ப மட்டும் அக்கா ஞாபகம் வருகிறது, பார்!

சனிக்கிழமை எங்கள் ஆண்டு விருந்து. நிதி திரட்டித் தருகிறேன் என்று செயலாளர் பதவியை ஏற்றாலும் ஏற்றேன், உட்கார நேரமில்லை. இருநூறு பேர் வருகிறார்கள். நாற்காலிக்காரர் நூற்றைம்பதுதான் இருக்கிறது என்கிறார்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு மேசையின் நடுவிலும் பூச்சாடிக்குப் பதில் அந்த வருஷம் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர். சாப்பிடும் முன் எல்லோரும் லேபிளைப் படிக்க வேண்டும். உன் தண்ணீரில் பாதியை ஆய்வுக்கு அனுப்பிவிட்டேன். மீதியை அதே பாட்டிலில் வைக்கப்போகிறேன். ஊரில் நல்ல பெயர் வாங்க உங்கள் மேனேஜரும் நன்கொடை கொடுத்துவிட்டுப் பத்துப் பேரோடு வருகிறார், ஏழாம் மேசை. அங்கேதான் வைப்பேன், பார்க்கட்டும்! உன் பெயர்தான் இல்லையே, நிம்மதியாகத் தூங்கு.

உன் அக்கா

மார்ச் 7

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்த பாட்டிலை எடுத்துவிடு! பெயர் இல்லாவிட்டால் என்ன, எழுத்து என்னுடையது. எட்டு வருஷமாக லேப் பதிவேட்டை நான் எழுதுகிறேன், தினமும் காலையில் மேனேஜர் படிக்கிறார். "உன் எழுத்த எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்பா" என்பார். எனக்கும் இது தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

மூன்று முறை போனைக் கையில் எடுத்துவிட்டு, பயந்து வைத்துவிட்டேன். விரைவுத் தபாலில் போடுகிறேன். உன் காலில் விழுகிறேன், எடுத்துவிடு.

தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று, திங்கட்கிழமைதான் வந்தது. விருந்து முடிந்துவிட்டது.

மேனேஜர் பாட்டிலை எடுத்துப் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு லேபிளை நகத்தால் மெதுவாக உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெட்கப்பட்டு மறைக்கிறார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். போகும்போது, "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். அதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. உன் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாய்? ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் கூப்பிட்டார். அதட்டவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்தார். லேபிளை என் முன்னால் வைத்துவிட்டு, "உம் பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்கிறா?" என்று மட்டும் கேட்டார். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவருக்கே தெரியும், அக்கா.

அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல தண்ணீரில் சாயத்தைக் கலந்தது நீதான், உன் வற்புறுத்தலால் லேபிளை மட்டும் நான் எழுதினேன் என்று. ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. பயந்துவிட்டேன். நான் கோழை, திட்டிக்கொள். ஆனால் இங்கே வராதே, இனி எழுதாதே.

தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நீ எழுதிக் கொடுத்தது அதிகாரிகளிடம் போய், நேற்று எனக்கு நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. ஆய்வு முடிவு கையில் இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள், சங்கத்தையே மூடிவிடுவார்கள் என்கிறார் வக்கீல். அத்தான் வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறதடா.

கோபமா என்றால், கோபம்தான். ஆனால் என் மகளைப் பற்றி ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் என்னவெல்லாம் எழுதிக் கொடுத்திருப்பேனோ.

உன் பதினாறாம் தேதிக் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. அதைக் காட்டினால் நான் தப்பிப்பேன், அந்தக் குழாயை அடைப்பார்கள். நீ மாட்டிக்கொள்வாய். எரித்துவிடலாம் என்று இரண்டு முறை அடுப்பை மூட்டினேன். முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதைக் காட்டப்போகிறேன். அதற்குள் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. மாடி அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து வைத்திருக்கிறேன்.

நீ வராவிட்டாலும் காட்டுவேன்.

உன் அக்கா