திரையில் வந்த மூன்றாவது வசவு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இல்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் போய்ப் படு. மாடி வீட்டுக்காரர் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், அவர் வாசிப்பு எப்படியோ, எங்களுக்குப் பொறுமை நன்றாக வந்துவிட்டது. உன் அக்கா மகளுக்குப் பல் ஆடுகிறது என்று நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கே கூட்டிப்போனோம், அந்தக் கழுதை, டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டாள், வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மானம் போயிற்று. அக்காவோ குழந்தையை விட்டுவிட்டு, நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்தது என்று என்மேல் பாய்கிறாள்.

இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியதுதான். கடிதம் எழுதுவது அப்பாவுக்காக. நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் குளியலறைக்குள் போய்விடுகிறார், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, எங்கிட்ட மறைக்கிறீங்களா என்று நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். போன மாதம் இணையத்தில் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாயே, அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த வாசகர் கடிதத்தையும் இப்போது இணையத்தில் கொட்டும் வெறுப்புப் பேச்சையும் வைத்து, அன்றைக்கு ஹாலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். பெயரை மறைத்துச் சில வசவுகளைத் திரையில் போட்டாய். மூன்றாவதாக வந்ததைப் படித்துவிட்டு, இதை எழுதியவர் எழுதிப் பழகிய ஆள், எவ்வளவு சுத்தமான வாக்கியம், எவ்வளவு அழுக்கு என்றாய். அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மோட்டார் ஓடவே இல்லை.

நேற்று போர்வை மடித்துக்கொண்டிருந்தோம், ஆளுக்கு இரண்டு முனை. அப்போது போர்வையைப் பார்த்துக்கொண்டே, அந்த மூணாவது நான் எழுதினதுதான் என்றார். நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இணையத்தில் வந்த உன் கட்டுரைக்குக் கீழே எவனோ உன்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறான், நீ எங்களிடம் சொல்லவே இல்லை, இவர் தானாகத் தேடிப் படித்திருக்கிறார். படித்ததும் தலைக்கேறி ஒரு பொய்ப்பெயரில் புகுந்து, அவனை மட்டும் திட்டினால் போதாதென்று, அவன் கூட்டமே மனுஷப் பிறவி இல்ல, அத்தனை பேரையும் ஊரை விட்டு விரட்டணும் என்று எழுதி வைத்திருக்கிறார். பத்திரிகை ஆபீசில் வாசகர் கடிதங்களைப் பிரித்த மனுஷன்! வசைக் கடிதம் வந்தால் கூடையில் போட்டுவிட்டு, எழுதினவருக்கு, கோபம் தணிந்தபின் மறுபடி எழுதவும் என்று கார்டு போடுவாரே, உன் முதல் அத்தியாயமே அந்தக் கார்டுதானே. அதைத்தான் கேட்டேன், இது உங்க மேஜைக்கு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க என்று. கூடைதான் என்றார். அப்புறம், எனக்கு யாரு கார்டு போடுவா என்றார். மகளைச் சொன்னால் பெற்றவனுக்குப் பொறுக்காது, சரி, அந்தக் கூட்டத்திலும் பெற்றவர்கள் இருப்பார்களே என்று கேட்டேன், அதுதான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது என்றார். பதிவை அழித்துவிட்டார். அழித்தால் மட்டும் ஆயிற்றா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இப்படி எழுதுகிறவர்களுக்கெல்லாம் நீ கேள்விகள் அனுப்பினாய், ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை, ஒரு ஆளாவது பேசாவிட்டால் கடைசி அத்தியாயம் நிற்காது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார் என்று புலம்பினாயே. உன் அப்பா பேசத் தயாராக இருக்கிறார். ஏன் எழுதினார், எழுதும்போது எப்படி இருந்தது, எழுதி முடித்ததும் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறாராம். அப்பான்னு பாத்து சலுகை காட்ட வேண்டாம்னு எழுது, அந்த மூணாவதை எடுத்துடவும் வேண்டாம் என்றார். நீ அவரைச் சேர்ப்பாயோ, சொந்தக்காரர் என்று உன் பேராசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டாரோ, அது உங்கள் படிப்பு சமாச்சாரம், எனக்குத் தெரியாது. இதை உன்னிடம் போனில் சொல்ல மட்டும் அவருக்குத் தெம்பு இல்லை. நீ சிரித்தாலும் தாங்கமாட்டார், அழுதாலும் தாங்கமாட்டார். கண்டபடி ஏசுகிறார்கள் என்பதை எங்களிடம் மறைத்ததற்கு உன்னை நேரில் பார்க்கும்போது தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

எந்தக் குறையும் இல்லாமல் படிப்பை முடித்துப் பெரிய ஆளாக வா, கண்ணு. யார் என்ன ஏசினாலும் உன்மேல் ஒட்டாமல் போகட்டும். மறக்காமல் ஒன்று செய். கேள்வி கேட்கும்போது ஆராய்ச்சிக்காரியாகவே கேள், ஒன்றையும் விடாதே. கேட்டு முடித்ததும் சட்டென்று போனை வைத்துவிடாதே, ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டுவிட்டு வை. அந்த ஒரு வார்த்தை இனிமேல் வருமோ வராதோ என்றுதான் மனுஷன் குளியலறைக்குள் போய் நிற்கிறார்.

ஆசையுடன்,
உன் அம்மா